இடுப்பு எலும்பு முறிவில் நரம்பு பிளாக்: எந்த ஊசி என்பதைவிட எப்போது என்பதே கேள்வி

வீட்டில் வயதான ஒருவர் குளியலறையில் வழுக்கி விழுகிறார். எழ முடியவில்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் இடுப்பு எலும்பு முறிவு. மறுநாள் ஆபரேஷன், முதுகில் ஊசி போட்டுச் செய்வோம் என்கிறார் எலும்பு மருத்துவர். அதுவரை குடும்பத்துக்குப் புரிகிறது. சற்று நேரத்தில் மயக்க மருந்து நிபுணர் வந்து, தொடை இடுக்கின் ஓரமாக இன்னொரு ஊசி போடலாம், அதற்கு நரம்பு பிளாக் என்று பெயர், இதிலும் ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்கிறார். குழப்பம் தொடங்குவது இங்கேதான். முதுகில் போடும் ஊசி போதாதா? நரம்பில் ஊசி என்றால் கால் விளங்காமல் போய்விடுமா? வலிக்கு ஏற்கெனவே டிரிப்ஸில் மருந்து போகிறதே, இது எதற்கு?

சுருக்கமான பதில்: முதுகு ஊசி ஆபரேஷனுக்கானது, நரம்பு பிளாக் வலிக்கானது. இரண்டும் வெவ்வேறு வேலைகள். விழுந்த நேரத்துக்கும் ஆபரேஷன் மேசைக்கும் நடுவில் போகும் பொழுதில்தான் பிளாக்கின் பெரும் பயன் இருக்கிறது. நம் ஊர்களில் அது பெரும்பாலும் அந்தப் பொழுது முடிந்த பிறகே போடப்படுகிறது என்பது இந்தக் கட்டுரையின் ஆதங்கம். இதைப் புரிந்துகொள்ள எலும்பிலிருந்து தொடங்க வேண்டும்.

'இடுப்பு' என்பது எந்த எலும்பு?

தமிழில் இடுப்பு என்ற ஒரே சொல் சேலை செருகும் இடத்தையும் குறிக்கும், தொடை வந்து சேரும் மூட்டையும் குறிக்கும். மருத்துவர் இடுப்பு எலும்பு முறிவு என்று சொல்லும்போது பெரும்பாலும் உடைந்திருப்பது தொடை எலும்பின் மேல் முனை. அங்கே ஒரு பந்து இருக்கிறது. பந்தைத் தண்டோடு சேர்க்கும் ஒரு கழுத்து, கழுத்துக்குக் கீழே தசைகள் வந்து பற்றிக்கொள்ளும் இரண்டு புடைப்புகள். பந்து இடுப்புக் குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது. மூட்டு முழுவதையும் சுற்றி ஒரு கெட்டியான உறை.

கழுத்தில் முறிந்தால் அது உறைக்குள் நடந்த முறிவு. பந்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் அந்தக் கழுத்தை ஒட்டியே போவதால் அவை அறுந்துவிடலாம்; பந்து உயிரற்றுப் போகும். அதனால்தான் வயதானவர்களுக்குப் பந்தை எடுத்துவிட்டுச் செயற்கைப் பந்து வைக்கிறார்கள். புடைப்புகளுக்கு நடுவில் முறிந்தால் அது உறைக்கு வெளியே. ரத்த ஓட்டம் பெரும்பாலும் தப்பிவிடும். கம்பி இறக்கியோ பிளேட்டும் ஸ்க்ரூவும் வைத்தோ சேர்த்துவிடலாம்.

எந்த வகையானாலும் வலிக்கு மூன்று காரணங்கள். எலும்பைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வில் வலி நரம்புகள் மிக அடர்த்தியாக இருக்கின்றன. முறியும்போது அந்தச் சவ்வு கிழிகிறது. அடுத்து, தொடையின் பெரிய தசைகள் இறுகிச் சுருங்கி உடைந்த முனைகளை ஒன்றின்மேல் ஒன்று இழுக்கின்றன. கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடப்பது இதனால்தான். உறைக்குள் நடந்த முறிவென்றால் ரத்தம் தேங்கி உறை விம்முவதும் சேர்ந்துகொள்ளும்.

இந்த வலிக்கு ஒரு தனிக் குணம் உண்டு. அசையாமல் படுத்திருக்கும்போது பலருக்கு வலி தாங்கக்கூடிய அளவில்தான் இருக்கும். எக்ஸ்ரே மேசைக்கு மாற்றும்போது, பெட்பேன் வைக்கும்போது, விரிப்பை இழுக்கும்போது உயிர் போகும். வார்டில் ரவுண்ட்ஸ் வரும் மருத்துவர் "வலி இருக்கா பாட்டி?" என்று கேட்கும்போது பாட்டி அசையாமல் படுத்திருக்கிறார், "பரவாயில்லை" என்கிறார். கேஸ் ஷீட்டில் வலி குறைவு என்று பதிவாகிவிடுகிறது. அசையும்போது வலி எவ்வளவு என்று கேட்டால்தான் உண்மை தெரியும்.

வலி ஏறும் பாதை

இடுப்பு மூட்டுக்கு ஒரே ஒரு நரம்பு இருந்திருந்தால் வேலை சுலபம். அப்படி இல்லை. கீழ் முதுகிலிருந்து கிளம்பும் நரம்புக் கூட்டத்தின் பல கிளைகள் இங்கே வந்து சேர்கின்றன.

1. ஃபெமரல் நரம்பு. தொடையின் முன்பக்கத்துக்கும், முழங்காலை நீட்டும் தசைக்கும், மூட்டு உறையின் முன்பக்கத்துக்கும் போகிறது.

2. ஆப்டுரேட்டர் நரம்பு. தொடையின் உள்பக்கத்துக்கும் உறையின் முன்-உள்பக்கத்துக்கும் போகிறது. சிலருக்கு இதற்குத் துணையாக இன்னொரு சிறு நரம்பும் உண்டு, எல்லோருக்கும் இருப்பதில்லை.

3. தொடையின் வெளிப்புறத் தோல் நரம்பு. மூட்டுக்கு இதனால் ஒன்றுமில்லை. ஆனால் ஆபரேஷனில் தோலைக் கீறும் இடம் பெரும்பாலும் இதன் எல்லைக்குள் வருவதால், தையல் வலிக்கு இது முக்கியம்.

4. உறையின் பின்பக்கத்துக்கு வரும் கிளைகள். சயாட்டிக் நரம்பிலிருந்தும் பிட்டத்து நரம்புகளிலிருந்தும் வருகின்றன.

உடற்கூறு ஆய்வுகள் சொல்லும் முக்கியச் செய்தி: வலியை உணரும் இழைகள் உறையின் முன்பக்கத்தில்தான் நெருக்கமாக இருக்கின்றன. ஆகவே முன்பக்க நரம்புகளைப் பிடித்தாலே வலியின் பெரும்பகுதி அடங்கும். முழுதும் அடங்காது. பின்பக்கமும் தோலும் மீதி இருக்கின்றன. பிளாக் போட்ட பிறகும் "கொஞ்சம் வலிக்குது" என்று நோயாளி சொன்னால் ஊசி பலிக்கவில்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

வழக்கமான வலி மருந்துகள் எங்கே தடுக்கி விழுகின்றன?

பாராசிட்டமால் பெரும்பாலும் பாதுகாப்பானது, அநேகமாக எல்லோருக்கும் கொடுக்கலாம். ஆனால் உடைந்த எலும்பை அசைக்கும்போது வரும் வலிக்கு அது மட்டும் போதாது.

நம் ஊரில் வலி ஊசி என்றதும் கை போவது டைக்ளோஃபினாக் பக்கம். எழுபது எண்பது வயதில், தண்ணீர் குறைந்து, ரத்தம் இழந்து, ஒருவேளை பிரஷர் மாத்திரையும் எடுத்துக்கொண்டிருக்கும் உடம்பில் அந்த வகை மருந்துகள் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். வயிற்றில் ரத்தக் கசிவும் வரலாம். இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2011-இல் வெளியிட்ட இடுப்பு முறிவு வழிகாட்டி இந்த வகை மருந்துகளைப் பரிந்துரைக்கவில்லை.

அடுத்தது மார்ஃபின் குடும்பம். அசையாத வலிக்கு நன்றாகக் கேட்கும், அசையும் வலிக்கு அவ்வளவு கேட்காது. அசையும்போது அடங்கும் அளவுக்குக் கொடுத்தால், அசையாமல் படுத்திருக்கும் நேரத்தில் அது அளவுக்கு மீறிய மருந்தாகிவிடும்: தூக்கம், மூச்சு மந்தம், வாந்தி, மலச்சிக்கல், புத்தி தடுமாற்றம். இந்தியாவில் இதோடு இன்னொரு சிக்கலும் உண்டு. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் மார்ஃபினை வாங்கிவைப்பதையே பெரிய தலைவலியாக்கியது. 2014-இல் திருத்தம் வந்து நடைமுறை எளிதானாலும், மார்ஃபின் கையிருப்பே இல்லாத மருத்துவமனைகள் இன்னும் இருக்கின்றன. அந்த இடத்தை டிராமடால் நிரப்புகிறது. அது வயதானவர்களுக்குக் குமட்டலும் குழப்பமும் தருவதில் பெயர் பெற்றது.

இந்த இடத்தில் காலில் எடை கட்டித் தொங்கவிடும் வழக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். முறிவு என்று தெரிந்ததும் தோலில் பட்டை ஒட்டி, கட்டிலின் கால்மாட்டில் எடை தொங்கவிடுவது பல வார்டுகளில் சடங்குபோல நடக்கிறது. இதுபற்றி நடந்த ஆய்வுகளைக் காக்ரேன் அமைப்பு 2011-இல் தொகுத்துப் பார்த்தது. ஆபரேஷனுக்கு முன் எல்லோருக்கும் எடை கட்டுவதால் வலி குறைகிறது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. எடை கட்டியாகிவிட்டது என்பதை வலிக்கு மருந்து கொடுத்தாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

மரத்துப்போக வைக்கும் மருந்தின் வேலை

நரம்பில் செய்தி ஓடுவது மின்சாரம்போல. நரம்பு இழையின் சுவரில் சோடியம் உள்ளே வருவதற்கான சிறு வாசல்கள் இருக்கின்றன. வாசல் திறந்து சோடியம் பாய்ந்தால் செய்தி அடுத்த இடத்துக்கு நகரும். லிக்னோகெயின், பியூபிவகெயின், ரோபிவகெயின் போன்ற மருந்துகள் இந்த வாசலை உள்பக்கமிருந்து அடைத்துவிடுகின்றன. உடைந்த எலும்பு கத்திக்கொண்டேதான் இருக்கும். கத்தல் மூளைக்குப் போகாது. மருந்து மெல்ல ரத்தத்தில் கரைந்து விலகியதும் வாசல் மறுபடி திறக்கும், நரம்பு பழையபடி வேலை செய்யும். 'கால் விளங்காமல் போகுமா' என்ற பயத்துக்கான அடிப்படைப் பதில் இதுதான். மருந்து நரம்பைச் சுற்றித்தான் விடப்படுகிறது, நரம்புக்குள்ளே குத்தி ஏற்றப்படுவதில்லை. அதன் விளைவும் தற்காலிகமானது.

பியூபிவகெயின் பிடிக்க 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஒரே ஊசியாகப் போட்டால் பொதுவாக 8 முதல் 12 மணி நேரம், சிலருக்கு அதற்கும் மேல், பலன் இருக்கும். முதுகு ஊசியின் மரப்போ இரண்டு மூன்று மணி நேரத்தில் இறங்கத் தொடங்கிவிடும்.

ஊசி எந்த இடத்தில்?

முதலில் வந்தது ஃபெமரல் நரம்பு பிளாக். தொடை இடுக்கில் துடிக்கும் தமனியை விரலால் தொட்டு, அதன் வெளிப்பக்கத்தில் ஊசி. நன்றாகவே வேலை செய்யும். ஆனால் ஊசி முனை ஒரு பெரிய தமனிக்கும் ஒரு பெரிய நரம்புக்கும் மிக அருகில் இருக்கிறது.

ஃபேசியா இலியாகா பிளாக் இந்த இடத்தில்தான் கெட்டிக்காரத்தனம் காட்டுகிறது. இடுப்பு எலும்பின் உள்பக்கத்தில் இலியாகஸ் என்ற தசை விரிந்திருக்கிறது. அதன்மேல் ஒரு மெல்லிய உறை போர்த்தியிருக்கிறது. ஃபேசியா இலியாகா என்பது அந்த உறையின் பெயர். ஃபெமரல் நரம்பும் வெளிப்புறத் தோல் நரம்பும் இந்த உறைக்கு அடியில்தான் ஓடுகின்றன. தமனி உறைக்கு மேலே. ஆகவே நரம்பைத் தேடிப் போகவே வேண்டாம். தமனியிலிருந்து தள்ளி, உறைக்குக் கீழே ஊசி முனையை நுழைத்து, நிறைய மருந்தை விட்டால் போதும். வாய்க்காலில் தண்ணீர் விட்டால் பாத்தி பாத்தியாகப் பரவுவதுபோல அது தானே பரவி நரம்புகளைப் போய்ச் சேரும். பிரான்சைச் சேர்ந்த டாலன்ஸ் குழுவினர் 1989-இல் இதைக் குழந்தைகளுக்கென்று விவரித்தார்கள். குழந்தைகளுக்காக வந்த உத்தி இன்று பாட்டி தாத்தாக்களின் கட்டிலருகே வந்து நிற்கிறது.

பழைய முறையில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் வேண்டாம். இடுப்பின் முன் முனை எலும்பிலிருந்து அந்தரங்க எலும்பின் புடைப்பு வரை ஒரு கோடு நினைத்துக்கொண்டு, வெளிப்பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்துக்கு வந்து, அங்கிருந்து ஒரு சென்டிமீட்டர் கீழே ஊசி. மொட்டை முனை ஊசி இரண்டு உறைகளைத் தாண்டும்போது கையில் இரண்டு முறை 'டப்' என்று தெரியும். இரண்டாவது 'டப்'புக்கு அப்புறம் மருந்து. பிரிட்டனில் பயிற்சி பெற்ற செவிலியர்களும் இதைப் போடுவது இந்த எளிமையால்தான். ஸ்கேன் வைத்துப் பார்த்தால் மருந்து உறைக்குக் கீழே பரவுவது திரையில் தெரியும். தவறும் வாய்ப்பு குறையும். 2011-இல் ஹெபார்டு குழுவினர் ஊசியைத் தொடை இடுக்குக் கோட்டுக்கு மேலே கொண்டுபோகும் மாற்றத்தை விவரித்தார்கள். மருந்து இடுப்புக் கிண்ணத்துக்குள் இன்னும் மேலே ஏற வேண்டும் என்பது நோக்கம். கோட்டுக்குக் கீழே போடும் பழைய முறையில் ஆப்டுரேட்டர் நரம்பை மருந்து எட்டும் என்று நம்பியிருக்க முடியாது என்பது இதற்கொரு காரணம்.

மூன்றாவது, இப்போது எல்லா மாநாட்டிலும் பேசப்படும் பெங் பிளாக். டொராண்டோவைச் சேர்ந்த குழு 2018-இல் இதை அறிமுகப்படுத்தியது. குழுவில் பிலிப் பெங் என்பவரும் இருந்தார். மூட்டு உறையைச் சுற்றிய நரம்புக் கூட்டம் என்பதன் ஆங்கில எழுத்துச் சுருக்கமும் பெங் என்றே வரும்படி அமைத்துக்கொண்டார்கள். ஸ்கேனில் பார்த்து, சோவாஸ் தசையின் தசைநாருக்கும் அதன் கீழிருக்கும் இடுப்பு எலும்பு மேட்டுக்கும் நடுவில் 20 மில்லி மருந்து விடுவது இந்த முறை. பெரிய நரம்புகளை விட்டுவிட்டு, அவற்றிலிருந்து மூட்டு உறைக்குப் போகும் சின்னக் கிளைகளை மட்டும் பிடிப்பது இதன் யோசனை. முழங்காலை நீட்டும் பலம் பெரும்பாலும் தப்பும். மருந்து பரவி ஃபெமரல் நரம்பைத் தொட்டுவிட்டால் பலவீனம் வரத்தான் செய்யும். தோல் மரக்காது என்பதால் தையல் இடத்துக்கு வேறு ஏற்பாடு வேண்டும். முதல் கட்டுரையில் இருந்தது ஐந்து நோயாளிகள். அதற்குப் பிறகு எத்தனையோ ஆய்வுகள் வந்துவிட்டன. ஆனாலும் இதற்கு இருக்கும் மவுசு இதன் வயதுக்குச் சற்று அதிகம்தான்.

முதுகு வழியாகப் போகும் லம்பார் பிளெக்சஸ் பிளாக் முதலிய ஆழமான முறைகளும் உண்டு. முறிவு நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைப்பதே சித்திரவதை என்பதால் ஆபரேஷனுக்கு முந்தைய வலிக்கு அவை அவ்வளவாகப் பொருந்தாது.

எப்போது போடுவது?

பிளாக் போட மூன்று நேரங்கள் உண்டு. ஊசி ஒன்றேயானாலும் பயன் வேறு வேறு.

1. முறிவு உறுதியானதும், அவசரப் பிரிவிலேயே. இதற்குப் பிறகுதான் வார்டுக்கு மாற்றுவது, ஸ்கேன், எக்கோ, சிறுநீர்க் குழாய், இரவு முழுக்கக் காத்திருப்பு எல்லாம் வருகின்றன. நைஸ் வழிகாட்டி, வந்த அன்றோ மறுநாளோ ஆபரேஷன் முடிய வேண்டும் என்கிறது. நடைமுறையில் இதய மருத்துவரின் ஒப்புதல், ரத்தம் ஏற்பாடு, காப்பீட்டு அனுமதி, வெளிநாட்டிலிருந்து மகன் வந்து சேர்வது என்று இரண்டு மூன்று நாள் ஓடிவிடுவதுண்டு. முதலில் நாட்டுக்கட்டு போட்டுப் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு இன்னும் தாமதம். (தொடை எலும்பின் மேல் முனையை எந்தக் கட்டும் அசையாமல் பிடித்துவைக்க முடியாது.) அந்தப் பொழுது முழுவதும் வலியோடு கழிகிறது.

2. ஆபரேஷன் அறையில், முதுகு ஊசிக்கு முன். முதுகில் ஊசி போட நோயாளி உட்கார வேண்டும், அல்லது ஒருக்களித்து வளைய வேண்டும். உடைந்த இடுப்போடு அது எவ்வளவு கொடுமை என்று சொல்ல வேண்டியதில்லை. அரை மணி முன்னதாகப் பிளாக் போட்டிருந்தால் நோயாளி ஓரளவு நிம்மதியாக உட்காருவார், மருத்துவருக்கும் ஊசி சரியாக அமையும். இந்திய மருத்துவமனைகளில் பிளாக் அதிகம் பயன்படுவது இந்தக் காரணத்துக்குத்தான்.

3. ஆபரேஷன் முடியும்போது. முதுகு ஊசி இறங்கிய பிறகு வரும் முதல் இரவின் வலிக்காக.

மூன்றில் அதிகப் பயன் தருவது முதல் நேரம். குறைவாக நடப்பதும் அதுதான். காரணம் மருத்துவ அறிவில் இல்லை, வேலைப் பிரிவினையில் இருக்கிறது. அவசரப் பிரிவில் இருப்பவருக்குப் பிளாக் பழக்கமில்லை. பழக்கமுள்ள மயக்க மருந்து நிபுணரோ ஆபரேஷன் அறைக்குள் இருக்கிறார். நோயாளியை அவர் முதன்முதலாகப் பார்ப்பதே ஆபரேஷனுக்கு முந்தைய பரிசோதனையில்தான். நோயாளி யாருடைய பொறுப்பு என்று முடிவாவதற்குள் ஒரு ராத்திரி போய்விடுகிறது.

ஆய்வுகள் நிறுவியதும் நிறுவாததும்

இதுபற்றி நடந்த 49 ஆய்வுகளை, சுமார் 3,000 நோயாளிகளின் விவரங்களோடு, காக்ரேன் அமைப்பு 2020-இல் தொகுத்தது. பிளாக் போட்ட 30 நிமிடத்துக்குள் அசையும்போதான வலி, பத்துக்கு மதிப்பெண் போட்டால், சுமார் 2.5 புள்ளி குறைந்தது. புத்தி தடுமாற்றம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. 12 பேருக்குப் பிளாக் போட்டால் ஒருவருக்கு அது தவிர்க்கப்படுகிறது என்று கணக்கு. இந்த இரண்டுக்கும் ஆதாரம் உறுதியானது. நெஞ்சுச் சளித் தொற்று குறைவதற்கும், முதன்முதலாக எழுந்து நடமாடுவது பத்துப் பதினொரு மணி நேரம் முன்னதாக நடப்பதற்கும் ஆதாரம் ஓரளவு உறுதி. இறப்பு குறைகிறது என்று அந்தத் தொகுப்பு நிறுவவில்லை. பிளாக் உயிரைக் காக்கும் என்று யாராவது அடித்துச் சொன்னால் சற்றே சந்தேகத்தோடு கேட்கலாம்.

புத்தி தடுமாற்றத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும். இதை டெலிரியம் என்பார்கள். நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் திடீரென்று இடம் தெரியாமல், ஆள் தெரியாமல், இரவில் டிரிப்ஸைப் பிடுங்குவார். குடும்பம் பதறிப்போகும். மருந்து அதிகமானதால் வந்தது என்றே எல்லோரும் நினைப்போம். மாரிசன் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வு இந்த நினைப்பைப் புரட்டிப்போட்டது. நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் மார்ஃபினுக்குச் சமமான மருந்துகூடக் கிடைக்காதவர்களுக்குத்தான் டெலிரியம் அதிகம் வந்தது. நினைவு தெளிவாக இருந்த நோயாளிகளில், கடும் வலியோடு விடப்பட்டவர்களுக்கு ஆபத்து ஒன்பது மடங்கு. மருந்துக்குப் பயந்து வலியோடு விடுவது பாதுகாப்பான வழி ஆகாது. வலியையும் குறைத்து மார்ஃபின் தேவையையும் குறைக்கும் பிளாக் இரண்டு பக்கமும் உதவுகிறது. மறதி நோய் உள்ளவர்களுக்கு இது இன்னும் பொருந்தும்: வலிக்கிறது என்று சொல்லத் தெரியாமல் முனகுவார்கள், கட்டிலில் புரளுவார்கள்; அதைக் குழப்பம் என்று நினைத்துத் தூக்க ஊசி போடுவார்கள்.

முதுகு ஊசியா, முழு மயக்கமா என்ற பழைய சண்டை வேறு. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,600 நோயாளிகளோடு நடந்த ரீகெயின் ஆய்வு 2021-இல் வெளிவந்தது. 60 நாள் கழித்து இறந்தவர்களையும் தானாக நடக்க முடியாதவர்களையும் சேர்த்துப் பார்த்தால், முதுகு ஊசியில் 18.5 சதவீதம், முழு மயக்கத்தில் 18.0 சதவீதம். வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். எதில் ஆபரேஷன் செய்தாலும் பிளாக்கின் வேலை பாக்கி இருக்கிறது. அமெரிக்க எலும்பு மருத்துவர் சங்கமும் 2021 வழிகாட்டியில், ஆபரேஷனுக்கு முந்தைய நரம்பு பிளாக்கை உள்ளடக்கிய வலி நிவாரணத்தை வலுவாகப் பரிந்துரைத்திருக்கிறது.

ஆபத்துகள்

முதலாவது, மருந்தின் அளவு. மருந்து தவறுதலாக ரத்தக் குழாய்க்குள் போனாலோ, மொத்த அளவு கூடினாலோ, வாய் ஓரம் மரத்து, காது இரைந்து, வலிப்பு வரலாம்; இதயம் நிற்கவும் கூடும். கணக்கு எளிது. பியூபிவகெயின் உடல் எடையில் கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். 45 கிலோ எடையுள்ள பாட்டிக்கு 90 மில்லிகிராம். 0.25 சதவீத மருந்தில் ஒரு மில்லிக்கு 2.5 மில்லிகிராம், ஆக 36 மில்லி. அதே மருந்தின் 0.5 சதவீதப் புட்டியென்றால் 18 மில்லிதான். ஃபேசியா இலியாகாவுக்கு 30, 40 மில்லி விடும் வழக்கம் இருப்பதால், புட்டி மாறினால் இரட்டிப்பு அளவு ஏறிவிடும். ஆபரேஷன் முடிவில் தையல் இடத்தில் மரத்துப்போகும் மருந்து விடும் பழக்கம் சில அறுவை மருத்துவர்களுக்கு உண்டு. அதையும் இதே கணக்கில் சேர்க்க வேண்டும். மெலிந்த உடம்புகளில் இந்தத் தவறுக்கு இடம் மிகக் குறைவு.

நல்லவேளையாக இதற்கு மாற்று மருந்து உண்டு. சத்துக்காக ரத்தக் குழாய் வழியே ஏற்றும் பால்போன்ற 20 சதவீதக் கொழுப்புக் கரைசல்தான் அது. வைன்பெர்க் குழுவினர் 1998-இல் எலிகளில் இதைக் கண்டார்கள். மனிதரில் முதல் வெற்றி 2006-இல் பதிவானது. கிலோவுக்கு 1.5 மில்லி உடனே, அப்புறம் தொடர்ச்சியாக. பிளாக் போடும் இடத்தில் இந்தப் புட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, பக்கம் மாறுவது. நம்ப முடியாது, ஆனால் நடக்கும். உடையாத காலில் ஊசி போட்டுவிட்டால், உடைந்த பக்கம் வலியோடு, நல்ல பக்கம் பலமிழந்து நோயாளி கிடப்பார். ஊசி தோலைத் தொடும் முன் ஒரு கணம் நின்று, குறியையும் எக்ஸ்ரேயையும் பார்த்து, பக்கத்தை வாய்விட்டுச் சொல்வதைப் பிரிட்டனில் ஓர் இயக்கமாகவே நடத்துகிறார்கள்.

மூன்றாவது, தொடைப் பலவீனம். ஃபெமரல், ஃபேசியா இலியாகா இரண்டிலும் முழங்கால் மடங்கிவிடும் வாய்ப்பு உண்டு. ஆபரேஷன் முடிந்து முதன்முதலாக நிறுத்தும்போது பிசியோதெரபிஸ்ட்டுக்குப் பிளாக் போட்டது தெரிந்திருக்க வேண்டும். மறுபடி விழுந்தால் மொத்தமும் வீண்.

நரம்புக் காயம், தொற்று, ரத்தக்கட்டு ஆகியவை அரிது. பிளாக் போடும் முன்பே பாதத்தை அசைக்க முடிகிறதா, உணர்ச்சி இருக்கிறதா என்று பார்த்து எழுதிவைத்தால், பின்னால் ஏதாவது குறை தெரியும்போது அது விழுந்ததால் வந்ததா ஊசியால் வந்ததா என்ற சண்டை வராது. குளோபிடோகிரல் போன்ற ரத்தம் நீர்க்கவைக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு முதுகு ஊசி போட மருத்துவர்கள் தயங்குவார்கள். ஃபேசியா இலியாகா போடும் இடம் மேலோட்டமானது, கசிந்தால் அழுத்திப் பிடிக்கலாம். அதனால் தயக்கம் அந்த அளவுக்கு இல்லை. ஆழமான பிளாக்குகளுக்கு இந்தச் சலுகை கிடையாது.

ஸ்கேன் இயந்திரத்தின் சட்டச் சிக்கல்

வெளிநாட்டுக் கட்டுரைகளில் இல்லாத ஒரு தடை இந்தியாவில் உண்டு. கருவின் பாலினம் அறிவதைத் தடுக்க 1994-இல் கொண்டுவந்த சட்டத்தின் கீழ், அல்ட்ராசவுண்ட் இயந்திரம் எதற்குப் பயன்பட்டாலும் பதிவு செய்தாக வேண்டும். கையில் தூக்கிப்போகும் சிறு இயந்திரங்களுக்குக் கட்டுப்பாடு இன்னும் அதிகம். எண்பது வயதுத் தாத்தாவின் தொடை நரம்பைப் பார்க்க வாங்கும் கருவிக்கும் அதே படிவங்கள்தான். சட்டத்தின் தேவை பற்றி விவாதமில்லை. ஆனால் அதன் பக்க விளைவாக, ஆபரேஷன் அறையில் ஒரு இயந்திரம் இருந்தாலும் அவசரப் பிரிவில் இருப்பதில்லை. ஸ்கேன் இல்லாமல் பெங் பிளாக் போட முடியாது. இரண்டு 'டப்' கேட்டுப் போடும் பழைய ஃபேசியா இலியாகா முறைக்குத் தாலுகா மருத்துவமனையில் இன்னும் மதிப்பு இருப்பது இதனால்தான். நடு இரவில் அது பெங்கைவிட எத்தனையோ மேல்.

மருந்து இறங்கும் நேரம்

ஒரு ஊசியின் பலன் ஓரிரவுக்குள் முடிந்துவிடும். மாலை ஆறு மணிக்குப் போட்ட பிளாக் விடியற்காலை நான்கு மணிக்கு இறங்கலாம். வலி படிப்படியாக வராமல் ஒரேயடியாக வந்து இறங்கும். பிளாக் இருக்கிறதே என்று பாராசிட்டமாலை நிறுத்திவைத்திருந்தால் இந்த நேரத்தில்தான் அது தெரியும். நேரம் தவறாமல் பாராசிட்டமால் போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஆபரேஷன் தள்ளிப்போனால் மருந்தளவைக் கணக்கிட்டு மறுபடி பிளாக் போடலாம், அல்லது மெல்லிய குழாய் ஒன்றை அங்கேயே வைத்துத் தொடர்ந்து மருந்து விடலாம். குடும்பத்தில் இரவு துணைக்கு இருப்பவர் மயக்க மருந்து நிபுணரிடம் மூன்றே கேள்வி கேட்டுக் குறித்துக்கொள்ளலாம்: பிளாக் எத்தனை மணிக்குப் போட்டீர்கள், எத்தனை மணிக்கு இறங்கும், இறங்கும் முன் எந்த மாத்திரையை எப்போது கொடுக்க வேண்டும்?